எஃப் ஒன்பதைப் பிடுங்கிய கதை

பிள்ளைகளா, போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படிவம் வந்ததே, நினைவிருக்கிறதா? 'தந்தையின் தொழில்' என்று போட்டிருந்த கோட்டின்மேல் பேனாவை வைத்தபடி பெரியவள் என்னைப் பார்த்தாள்.

"இன்னாப்பா போடட்டும்? எலக்ட்ரீசியனா, கம்ப்யூட்டரா?"

"சண்டை போட வைக்கிற வேலைன்னு போடுக்கா," என்றான் சின்னவன்.

நான் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். பதில் தெரியாமல் இல்லை. அது ஒரு கோட்டுக்குள் அடங்காது, அதனால்தான். அடங்காததை இந்த நோட்டில் எழுதிவைக்கிறேன். நான் படித்தது ஐ.டி.ஐ. வரைக்கும்தான். பிழை இருந்தால் பெரியவள் சிவப்பு மையில் திருத்தட்டும், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் சுவிட்ச் பேனல் செய்யும் பட்டறையில் நான் வேலை பார்த்தது உங்களுக்குத் தெரியும். அந்தப் பட்டறையை மூடிய மாதத்தில், எதிர்க் கட்டடத்து மாடியில் யூ.பி.எஸ். கெட்டுவிட்டது என்று கூப்பிட்டார்கள். கீழே அட்டைப்பெட்டி செய்கிற இடம், மேலே கம்ப்யூட்டரில் போர் விளையாட்டு செய்கிற ஆபீஸ். யூ.பி.எஸ்ஸைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தால், ஒரு திரையில் எறும்பு மாதிரிச் சிப்பாய்கள் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். ஸ்குரூ டிரைவரைப் பையில் போடாமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று நின்றவன்தான், இன்னும் அங்கேயே இருக்கிறேன்.

ஆபீஸில் அப்போது மூன்று பேர். முதலாளியை எல்லோரும் 'மிசியே' என்றுதான் கூப்பிடுவார்கள், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்கியவர். இவர் பிரான்சில் பல வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். சின்ன வயதில் தரையில் பரப்பி விளையாடிய பொம்மைச் சிப்பாய்களை மறக்க முடியவில்லையாம், புதுச்சேரிக்குத் திரும்பி வந்து இந்த ஆபீஸைத் தொடங்கிவிட்டார். புரோகிராம் எழுதும் பெண் விழுப்புரத்துக்காரி, தினமும் பஸ்ஸில் வந்து போவாள். படம் வரைகிறவர் என் வயதுக்காரர். நல்ல தொப்பை, வாய் சும்மா இருக்காது. நான் நாலாவது ஆள். ஒயரிங், ஏ.சி., யூ.பி.எஸ். எல்லாம் என் பொறுப்பு.

பேனலுக்கு சர்க்யூட் படம் போட்டுப் பழகிய கை என்பதால், போர்க்கள வரைபடத்தில் ஆறு, மேடு, பனந்தோப்பு வைக்கிற வேலையும் மெல்ல என்னிடம் வந்தது. பிறகு எண்கள் நிரப்பும் அட்டவணைகள் வந்தன. குதிரை எவ்வளவு வேகம் போகும், பீரங்கி எவ்வளவு தூரம் எட்டும், இப்படி. புரோகிராம் எழுத எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் அட்டவணையில் ஒரு எண்ணை மாற்றினால் களத்தில் என்ன ஆகும் என்று சொல்லிவிடுவேன். மிசியே எனக்கென்று ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார். ஏணியில் நின்று வேலை பார்த்தவனுக்கு நாற்காலியில் உட்கார்ந்து வேலை. முதல் நாள் முதுகு வலித்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அப்போது செய்துகொண்டிருந்த விளையாட்டு, குதிரையும் பீரங்கியும் இருந்த காலத்துச் சண்டை. நாடும் படைகளும் எல்லாம் கற்பனை. ஆடுகிறவர் ஒரு படைக்குத் தளபதி, கம்ப்யூட்டர் எதிர்ப் படைக்குத் தளபதி. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஆடினால் பயமே வரவில்லை. பருந்து மேலே இருந்து பார்க்கிற மாதிரி எல்லாம் தெரிந்தது. எதிரி எங்கே, எத்தனை பேர், எந்தப் பக்கம் நகர்கிறான் என்று முழுக்கத் தெரிந்தால் அப்புறம் என்ன சண்டை? கூட்டல் கழித்தல்தான். அதற்காகப் புரோகிராம் எழுதும் பெண் களத்தின்மேல் ஓர் இருட்டைப் போட்டாள். நம் ஆட்கள் கண்ணுக்கு எட்டுகிற இடம் மட்டும் வெளிச்சம், மற்றதெல்லாம் கறுப்பு. எல்லா விளையாட்டிலும் இருக்கிற வழக்கமான இருட்டுதான். அதிலும் என்னவோ குறைந்தது. தெரிந்தால் முழுசாகத் தெரிந்தது, தெரியாவிட்டால் ஒன்றுமே தெரியவில்லை. வாழ்க்கையில் அப்படியா இருக்கிறது?

குறை என்னவென்று எனக்குப் புரிந்தது ஆபீஸில் இல்லை, குருசுக்குப்பம் கடற்கரையில்.

உங்கள் அம்மா அந்த ஊர்ப் பெண். உங்கள் மாமாவின் போட்டு கரைக்கு வந்ததும் மீனை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவாள். பெட்டியை வண்டியில் கட்டிக்கொடுக்க நானும் விடியற்காலையில் கூடப் போவேன். அங்கே ஒரு சிக்கல் உண்டு. ஐஸ் வண்டி, போட்டுகள் வருவதற்கு முன்னால் வந்து, முன்னாலேயே போய்விடும். எவ்வளவு மீன் வரும் என்று தெரியாமலே எவ்வளவு ஐஸ் வேண்டும் என்று முடிவு செய்தாக வேண்டும். குறைத்து வாங்கினால் மீன் கெடும், கூட்டி வாங்கினால் தண்ணீராக ஓடும்.

அன்று ஒரு போட்டு மட்டும் சீக்கிரமே கரையேறியது. அதிலிருந்து குதித்த ஆள் ஈர லுங்கியைப் பிழிந்துகொண்டே சொன்னான்.

"அக்கா, உன் தம்பிக்கு இன்னிக்கு செம மீன்பாடு. ஐஸ ரெண்டு பங்கா வாங்கி வெச்சுக்க."

உங்கள் அம்மா ஐஸ் வண்டிக்காரரைக் கையைக் காட்டி நிறுத்திவைத்தாள். "நீயே பாத்தியா, யாராவது சொன்னாங்களா?"

"என் ரெண்டு கண்ணால பாத்தேங்கா."

"எப்ப?"

"விடியறதுக்கு முன்னாடி."

"இருட்டுல மீன எப்படிடா பாத்த?"

"மீன பாக்கல. வல இழுத்துகினு இருந்தானுங்க. நாலு பேரும் பின்னால சாஞ்சு, மூச்சு முட்ட. அவ்ளோ கனம்!"

"கனத்த பாத்த. மீன பாக்கல."

"இன்னாக்கா நீ, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி கேள்வி கேக்கற?"

"ஸ்டேஷன்ல நீ சொல்றத எழுதிக்கினு அனுப்பிடுவாங்க. நான் ஐஸ் வாங்கணுமே."

வலையில் மீனைத் தவிர வேறும் ஏறுகிற மாதம் அது, வழக்கமாக வாங்குவதில் பாதிதான் வாங்கினாள். கொஞ்ச நேரத்தில் மாமாவின் போட்டு வந்தது. வலை நிறையச் சொறி. கண்ணாடி மாதிரி வழவழவென்று கடலில் மிதக்குமே, பட்டால் அரிக்குமே, அதுதான். அடியில் கொஞ்சம் கானாங்கத்தை மீன். மாமா முழங்கையைப் பரட்டுப் பரட்டென்று சொறிந்துகொண்டு இறங்கினார்.

செய்தி சொன்னவன் பொய் சொல்லவில்லை, அதைக் கவனியுங்கள். அவன் கண்ணால் பார்த்தது உண்மை. வலை கனமாக இருந்ததும் உண்மை. மீன் என்பது மட்டும் அவனாகச் சேர்த்துக்கொண்டது. உங்கள் அம்மா அந்த ஒன்றை மட்டும் உரித்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டாள். யார் பார்த்தது, எப்போது பார்த்தது, எதைப் பார்த்தது. மூன்றே கேள்விகள்.

"யோவ், கயித்த கட்டாம எங்க பாத்துகினு நிக்கற?" என்றாள். நான் போர்க்களத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று ஆபீஸுக்குப் போனதும் மிசியேவிடம் சொன்னேன். "மிசியே, இருட்டு போதாதுங்க. எதிரி நமக்குத் தெரியணும். ஆனா தப்பாவும் தெரியணும்."

"காலைலயே இன்னாத்த குடிச்சுட்டு வந்தாரு?" என்றார் படம் வரைகிறவர்.

மிசியே அவரைக் கையமர்த்தினார். "இந்தாப்பா, நிதானமா சொல்லு."

சொன்னேன். தளபதி ஓர் இடத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்ணால் பார்ப்பது கொஞ்சம். மற்றதெல்லாம் செய்தி. செய்தியைக் குதிரைக்காரனோ ஓடிவருகிறவனோ கொண்டுவர வேண்டும், வர நேரமாகும், சில சமயம் வராமலே போகும். வந்த செய்தி வரைபடத்தில் ஓர் அடையாளமாக நிற்கும். அதை அமுக்கினால் யார், எப்போது, எதைப் பார்த்தார்கள் என்று வரும். நேரம் போகப் போக அடையாளம் சாயம் போன துணி மாதிரி வெளுக்கும். தூரத்தில் தூசி கிளம்பினால் குதிரைப் படையாகவும் இருக்கலாம், மாட்டு மந்தையாகவும் இருக்கலாம். பயந்த சிப்பாய் இருபது பேரைப் பார்த்துவிட்டு நாற்பது என்பான். யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். ஆனால் எல்லாம் உண்மையாகவும் இருக்காது.

மிசியே நாற்காலியில் பின்னால் சாய்ந்து விட்டத்தைப் பார்த்தார். "எழுதிக் கொண்டா," என்றார்.

பல மாதம் எழுதினேன். நீங்கள் பழைய கணக்கு நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தீர்களே, அந்த அட்டவணைகள்தான். புரோகிராம் எழுதும் பெண் ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றினாள். ஏற்றியதும் நாங்கள் நால்வரும் ஆடிப் பார்ப்போம். ஆட்டம் சூடு பிடித்தது. அடித்துக்கொண்டு ஆடினோம். ஜெயித்தோம், தோற்றோம், மறுபடி ஆடினோம். மிசியே விளையாட்டை வெளிநாட்டில் வாங்கி வெளியிடும் கம்பெனிக்கு அனுப்பிவைத்தார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

பதில் வந்தது. மிசியே பிரெஞ்சில் வாசித்து, எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"'கஷ்டமாக இருந்தால் பரவாயில்லை. இது அநியாயமாக இருக்கிறது'ங்கறாங்க. அங்க ஆடிப் பாத்தவங்க எல்லாரும் தோத்துட்டாங்களாம். ஏன் தோத்தோம்னே புரியலையாம். இந்தச் செய்தி சமாசாரத்தை எடுத்துடுங்கங்கறாங்க. மூணு வாரத்துல அவங்க ஆளு ஒருத்தர் புதுச்சேரிக்கு வராங்க, பாக்கறதுக்கு."

 கீழே அட்டை வெட்டும் மிஷின் தட், தட் என்று அடித்துக்கொண்டிருந்தது.

பிறகு மிசியே என் மேஜைக்கு வந்தார். அதட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். "மூணு வாரம் இருக்கு. எங்க தப்புன்னு கண்டுபிடி. இல்லன்னா இத எடுத்துட்டு பழைய இருட்டையே போட்டுடுவோம். அப்புறம் இந்த மேஜைக்கு வேற ஆளு வேணும்ப்பா. நீ முன்ன மாதிரி ஒயரிங் பாரு, அந்த வேலை எப்பவும் உனக்கு உண்டு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் தைத்தது. அந்தச் செய்தி அட்டவணை இருந்தால் எனக்கு மேஜை. அது போனால் ஏணி. ஏணி கேவலம் இல்லை, உங்களுக்குச் சோறு போட்டது ஏணிதான். ஆனால் என் தலையில் முளைத்த ஒரே ஒரு யோசனை அது. அதை வெட்டிப் போட்டுவிட்டு அதே ஆபீஸில் டியூப் லைட் மாட்டிக்கொண்டு இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் அட்டவணையைத் துருவினேன். எண்களில் தப்பு இல்லை. மூன்றாம் நாள் வேறு மாதிரி செய்தேன். பேனல் பட்டறையில் ஃபியூஸ் அடிக்கடி போனால் பேனலைப் பார்ப்பதைவிட ஆபரேட்டரின் கையைப் பார்ப்போம். எங்கே கை வைக்கிறான் என்று பார்த்தால் பாதிக் கோளாறு தெரிந்துவிடும். அதனால் அன்று திரைகளை விட்டுவிட்டு எங்கள் ஆட்களின் கைகளைப் பார்த்தேன்.

படம் வரைகிறவர் ஆடிக்கொண்டிருந்தார். ஒரு செய்தி வந்தது. குதிரைகளை அனுப்பப் போனார். அதற்கு முன்னால் இடது கை தானாக மேலே போய் ஒரு விசையைத் தட்டிவிட்டு இறங்கியது. எஃப் ஒன்பது.

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் சோதிக்கிற கம்ப்யூட்டர்களில் மட்டும் எஃப் ஒன்பதை அமுக்கினால் மறைவெல்லாம் விலகி, களம் உள்ளபடி முழுசாகத் தெரியும். செய்தி சரியாக வேலை செய்கிறதா என்று உண்மையோடு ஒத்துப்பார்க்க வைத்த வழி. வெளியே அனுப்பும் விளையாட்டில் அது கிடையாது. ஒத்துப்பார்க்கத் தொடங்கிய பழக்கம், வெளியே கிளம்பும் முன்னால் கேஸ் குழாயைத் திருகிப் பார்ப்போமே, அது மாதிரி ஆகிவிட்டது. பார்த்தவர் சும்மாவும் இருக்க மாட்டார். "தோப்புல எட்டு பீரங்கிம்மா, அந்தப் பக்கம் போயிடாத!" என்று பக்கத்து மேஜைக்குச் சத்தம் போடுவார். நம் ஊரில் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க யாரால் முடியும்? இத்தனை மாதமாக நாங்கள் நாலு பேரும் அந்த விளையாட்டை ஒருமுறைகூட உண்மையாக ஆடவே இல்லை.

 சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். படம் வரைகிறவரின் விசைப்பலகையில் எஃப் ஒன்பதை நெம்பினேன். டக்கென்று கையில் வந்தது.

"யோவ் யோவ், இன்னாய்யா பண்ற!"

அடுத்து அந்தப் பெண்ணுடையது. அடுத்து மிசியேவுடையது. மூன்றையும் ஒரு காலித் தீப்பெட்டியில் போட்டேன். என்னுடையதை விட்டுவைத்தேன். யாராவது ஒருவர் சரிபார்க்க வேண்டாமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மிசியே தன் விசைப்பலகையில் இருந்த ஓட்டையைத் தடவிப் பார்த்தார். சின்னவனே, உனக்கு முன்பல் விழுந்த வாரம் அது. உன் வாய் மாதிரியே இருந்தது.

"இப்ப ஆடுங்க," என்றேன்.

ஆடினார்கள். மூவரும் தோற்றார்கள். மறுபடி ஆடினார்கள். மறுபடி தோற்றார்கள். படம் வரைகிறவர் வரிசையாக ஐந்து ஆட்டம் தோற்று, மௌஸை மேஜையில் போட்டுவிட்டு, "வெளிநாட்டுக்காரன் திட்டுனது தப்பே இல்ல," என்றார். அந்தப் பெண் மட்டும் விடவில்லை. குதிரைப் படையை ஒரு மேட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். பக்கத்தில் எதிரிச் சிப்பாய் ஒருவன்கூட இல்லை. இருந்தும் எதிரி வேறு எங்கும் போகாமல் நேராக அந்த மேட்டை நோக்கியே வந்தான்.

"அண்ணா," என்றாள் மெதுவாக. "இங்க ஒளிஞ்சிருக்கேன்னு அவனுக்கு யாரு சொன்னா?"

  ஆட்டத்தை மூடிவிட்டு புரோகிராமைத் திறந்தாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

என் தப்புதான். நோட்டில் ஒவ்வொரு அட்டவணைக்கு மேலும் 'ஆடுபவருக்கு' என்று தலைப்புப் போட்டிருந்தேன். அவள் நான் எழுதினபடியே ஆடுபவருக்கு மட்டும் செய்தாள். எதிரித் தளபதிக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை. அவன் விரல் நாள் முழுக்க எஃப் ஒன்பதின்மேலேயே இருந்திருக்கிறது. நாங்களும் அதையே அமுக்கிக்கொண்டிருந்ததால் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது, எங்களுக்குத் தெரியவே இல்லை. வெளியே ஆடியவர்களோ கண்ணைக் கட்டிக்கொண்டு, கண் திறந்திருந்தவனோடு மோதியிருக்கிறார்கள். அநியாயம் என்று சொல்லாமல் என்ன சொல்வார்கள்?

வெட்கமாக இருந்தது. ஆனால் அதைவிடச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். யோசனை தப்பில்லை, பாதிதான் செய்திருக்கிறோம், மீதிப் பாதியைச் செய்தால் போதும்.

எதிரித் தளபதிக்கும் ஒரு கூடாரம் போட்டோம். அவனுக்கும் குதிரைக்காரன், அவனுக்கும் தாமதம், அவனுக்கும் பயந்த சிப்பாய்கள். இரவு பகல் பார்க்காமல் உழைத்தது அந்தப் பெண்தான், நான் எண்களைக் கொடுத்தேன். அவனை முதல்முறை ஓடவிட்ட மதியம் எனக்கு மறக்காது. ஆற்றங்கரையில் மேய்ந்த எருமை மந்தை கிளப்பிய தூசியைப் பார்த்துவிட்டு, அவன் ஒரு பட்டாளத்தையே அனுப்பி எருமைகளைச் சுற்றி வளைத்தான். படம் வரைகிறவர் நாற்காலியில் ஏறி நின்று கை தட்டினார். கீழே அட்டைப்பெட்டிக்காரர்கள் மிஷினை நிறுத்திவிட்டு, "மேல இன்னாப்பா ஆச்சு, கரண்ட் அடிச்சுதா?" என்று கேட்டார்கள்.

கம்பெனி ஆள் வந்த நாள் சனிக்கிழமை. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஓர் அம்மா. மிசியேவோடு பிரெஞ்சில் பேசினார். எடுக்கச் சொன்னதை எடுக்கவில்லை, சரிசெய்திருக்கிறோம் என்று மிசியே சொன்னபோது அவர் முகம் இறுகியது. ஒரே ஓர் ஆட்டம் ஆடிப் பார்க்கச் சம்மதித்தார். மிசியேவின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். முதலில் கண்ணில் பட்டது அந்த ஓட்டைதான்.

"'பல்லு விழுந்திருக்கே'ங்கறாங்க," என்றார் மிசியே. எங்களுக்குச் சிரிக்கத் தைரியம் இல்லை.

என் கம்ப்யூட்டரில் அவர் ஆட்டம் அப்படியே தெரியும்படி இணைத்திருந்தோம். நான் எஃப் ஒன்பதை அமுக்கிவிட்டு உட்கார்ந்தேன். அறையில் உண்மை தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

பொழுது சாய்வதற்குள் அவர் ஆற்றுப் பாலத்தைப் பிடிக்க வேண்டும். பாலத்தின்மேல் ஓர் அடையாளம் இருந்தது: பாதை காலி. உண்மையில் பாலத்துக்கு அப்பால் பனந்தோப்பில் எட்டு பீரங்கி வாயைத் திறந்துகொண்டு நின்றது. அந்த அம்மா படையை நகர்த்த மௌஸைக் கொண்டுபோனார். நேராகப் போனால் அரைமணியில் முடிந்துவிடும். பழையபடி தோல்வி, பழையபடி அநியாயம், நான் ஏணி. என் நாக்கு நுனியில் தோப்பு, தோப்பு என்று நிற்கிறது. ஒரு செருமல் போதும், மிசியே புரிந்துகொண்டு அவரிடம் ஏதாவது சொல்லியிருப்பார். உதட்டைக் கடித்துக்கொண்டேன். சொன்னால் அதுவும் எஃப் ஒன்பதுதானே.

அவர் கை நின்றது. திரும்பி மிசியேவிடம் ஏதோ கேட்டார்.

"இத யாரு பாத்தாங்கன்னு தெரிஞ்சுக்க முடியுமான்னு கேக்கறாங்க."

"அந்த அடையாளத்த அமுக்கச் சொல்லுங்க மிசியே," என்றேன்.

அமுக்கினார். ஒரு குதிரைக்காரன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால். அக்கரைப் பாதையில் யாரும் இல்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். பிறகு தனக்குத்தானே ஏதோ முனகினார். மிசியே என் பக்கம் திரும்பினார்.

"'பாதையத்தான் பாத்திருக்கான். தோப்ப பாக்கல'ங்கறாங்க."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. குருசுக்குப்பத்தில் கேட்ட அதே பேச்சு, பிரெஞ்சில்.

மூன்று குதிரைக்காரர்களைத் தோப்புக்கு அனுப்பினார். ஒருவன்தான் திரும்பினான், அதுவும் தாமதமாக. பீரங்கிச் சத்தம் கேட்டதாகச் சொன்னான், எத்தனை என்று சொல்லத் தெரியவில்லை. அந்த அம்மா வெகுநேரம் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு நாங்கள் யாருமே நினைக்காத ஒன்றைச் செய்தார். சாமான் ஏற்றிய மாட்டு வண்டிகளைப் பிரித்து, ஆற்றோரமாகக் கிழக்கே போகும் மண்பாதையில் ஓட்டினார். காய்ந்த பாதை. வண்டிகளுக்குப் பின்னால் தூசி எழும்பியது.

என் திரையில் எதிரித் தளபதிக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது: கிழக்கே பெரிய குதிரைப் படை. எட்டுப் பீரங்கியில் ஆறு தோப்பை விட்டு நகரத் தொடங்கின, மாட்டு வண்டிகளைச் சுட! ஆனால் அந்த அம்மாவுக்கு அது தெரியாது. அவர் தன் செய்திக்குக் காத்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். காபி ஆறிப் போனது. ஒரு காவல் வீரன் ஓடிவந்தான்: தோப்பிலிருந்து சக்கரச் சத்தம் கேட்டது, தூரமாகப் போகிறது.

"அலோன்!" என்றார். போவோம் என்று அர்த்தம். மொத்தப் படையும் பாலத்தில் இறங்கியது. சூரியன் கரையைத் தொட இன்னும் கொஞ்சம் இருக்கும்போது பாலம் அவர் கையில்.

ஆட்டம் முடிந்ததும் உண்மையில் என்ன நடந்தது என்று களம் ஒருமுறை ஓடிக் காட்டும். ஆறு பீரங்கிகள் மூச்சு வாங்க இழுபட்டுப் போய் பன்னிரண்டு மாட்டு வண்டிகள் எதிரில் நின்றதைப் பார்த்ததும், அந்த அம்மா தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் ஒரு விரலை நீட்டினார்.

"ஆங்கோர்!"

"இன்னொரு ஆட்டமாம்," என்றார் மிசியே. அவர் கண் கலங்கியிருந்தது. படம் வரைகிறவர் என் தோளில் ஒரு குத்து விட்டார், இரண்டு நாள் வலித்தது.

அந்த அம்மா சாப்பாட்டையும் மறந்து மூன்று ஆட்டம் ஆடினார். இரண்டாவதில் தோற்றார். தோற்றதும் கோபப்படவில்லை. எந்தச் செய்தியை நம்பித் தோற்றேன் என்று தேடி எடுத்து, தலையில் லேசாகத் தட்டிக்கொண்டார். கிளம்பும்போது, இது யார் யோசனை என்று கேட்டார். மிசியே என்னைக் காட்டினார். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, எங்கே படித்தீர்கள் என்று கேட்கச் சொன்னாராம்.

"குருசுக்குப்பம் கரைலன்னு சொல்லுங்க மிசியே," என்றேன்.

விளையாட்டு வெளிவந்தது. தொடக்கத்தில் ஓடும் பெயர்களில் 'போர்க்களச் செய்தி அமைப்பு' என்பதற்கு நேரே என் பெயர் இருக்கிறது, நீங்களே பார்த்தீர்கள். மேஜை என்னுடையதுதான். யூ.பி.எஸ். கெட்டால் இப்போதும் நான்தான் பார்க்கிறேன், அதை வேறு ஒருவன் தொட்டால் எனக்குப் பொறுக்காது. உங்கள் அம்மாவிடம் அன்று எல்லாம் சொன்னபோது, "நான் கேக்கறத பாத்து நீ வேலைய புடிச்சுட்ட, எனக்கு இன்னா குடுப்ப?" என்றாள். ஐஸ் பெட்டி ஒன்று புதிதாக வாங்கிக் கொடுத்தேன்.

ஆகவே பெரியவளே, அந்தக் கோட்டில் 'கணினி விளையாட்டு வடிவமைப்பாளர்' என்று போடு. இடம் இருந்தால் பக்கத்தில் எலக்ட்ரீசியன் என்றும் போடு.

ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டேன். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், அந்த அம்மாவை வழியனுப்ப மற்ற மூவரும் கீழே இறங்கிப் போனார்கள். நான் கம்ப்யூட்டர்களை அணைக்க மேலே இருந்தேன். என்னுடையதை அணைக்கப் போனபோதுதான் உறைத்தது. ஊரில் எல்லோரையும் கண்ணைக் கட்டி ஆட வைத்தவன், ஒருமுறைகூட அப்படி ஆடியதில்லை. பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். என் விசைப்பலகையின் எஃப் ஒன்பதை நெம்பி எடுத்து, தீப்பெட்டியில் மற்ற மூன்றோடு போட்டு, இழுப்பறைக்குள் தள்ளி மூடினேன். பிறகு உட்கார்ந்து புது ஆட்டம் ஒன்றைத் திறந்து, தோப்பின் பக்கம் ஒரு குதிரைக்காரனை அனுப்பிவிட்டு, அவன் வரக் காத்திருந்தேன்.